எதிரே ஒரு கிண்ணம்

சரோஜினி வீட்டு நாய்கள் இரண்டும் வயிறு நிறைந்ததும் ஒன்றின் மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கிவிடும். அதற்குப் பிறகு அவள் அவற்றுக்குத் தேவையில்லை. புதிதாக வந்த பெண்நாய் அப்படியில்லை. யாராவது வளர்க்கக் கேட்டு வரும்வரை வைத்திருக்கச் சொல்லி, நாய்க் காப்பகத்துப் பெண் நஸ்ரின் கொண்டுவந்து விட்ட நாய் அது. ஒரு காது பாதிதான் இருந்தது. சோற்றை வைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும்.

ஒருநாள், வழக்கம்போல் அடுப்படியில் நின்றபடியே ரசஞ்சோற்றை விழுங்கிக்கொண்டிருந்த சரோஜினி, கால் வலித்துத் தரையில் உட்கார்ந்தாள். அவள் ஒரு வாய் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு நாயும் கிண்ணத்தில் வாய் வைத்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. அன்றிலிருந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். சரோஜினி தனக்கென்று பொரியல்கூடச் செய்யத் தொடங்கினாள்.

அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் நஸ்ரின் போனில் கூப்பிட்டாள்.

“ஆன்ட்டி, ஒரு நல்ல குடும்பம் கேக்குறாங்க. இப்ப ஒழுங்கா சாப்பிடுறாளா?”

நாய் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

“எங்கேம்மா... வாயே வைக்க மாட்டேங்குறா” என்றாள் சரோஜினி, தன் தட்டில் மிச்சமிருந்த தயிர்ச்சோற்றைச் சத்தமில்லாமல் அந்தக் கிண்ணத்தில் தள்ளியபடி.