வலிக்காத சொல்

இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றக்கூட மறந்து, டாக்டர் தம்பி நேராக அக்காவின் அகராதி அலுவலகத்துக்கே வந்து நின்றான்.

அக்காவுக்கும் அலுப்புதான். இந்த மழைக்காலம் முழுக்க 'பி' எழுத்திலேயே கழிந்திருந்தது.

"ஒரு நோயாளிகிட்ட, உடம்பு இனிமே முன்ன மாதிரி ஆகாதுன்னு சொல்லணும்க்கா. வலிக்காத வார்த்தையா ஒண்ணு குடு."

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் சொல் என்று வந்துவிட்டால் அவளுக்குப் பசி, தூக்கம் கிடையாது.

வீழ்ச்சி வேண்டவே வேண்டாம் என்றாள். வீழ்வதிலிருந்து வந்தது. அருவிக்குச் சரி, ஆளுக்கு ஆகாது.

சரிவு அதைவிட மோசம். விழுந்தவர் எழுந்துவிடலாம். சரிகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

நலிவு? காதுக்கு நலம் போலவே இருக்கும். ஏமாற்று வேலை.

தேய்வுக்கு வந்தபோது கொஞ்சம் நின்றாள். உரசி உரசிக் குறைவதுதான் தேய்வது. செருப்பு தேயும், கத்தி தேயும். நிலவும்தான் தேயும், ஆனால் அது திரும்ப வளர்ந்துவிடும்.

"இவங்களுக்கு வளருமா?"

தம்பி இல்லையென்று தலையை ஆட்டினான்.

"அப்போ கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான்" என்று சிரித்தாள். வேறொரு நாளாக இருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

ஆறிப்போன டீயை இரண்டு கையாலும் தூக்கி ஒரு வாய் குடித்தாள். இப்போதெல்லாம் ஒரு கையால் தூக்கினால் பாதி மடியில்தான் விழுகிறது.

கடைசியில், பின்னடைவு இருக்கட்டும் என்றாள். அடைவது என்றால் போய்ச் சேர்வது. பின்னால் போனாலும் ஏதோ ஓர் இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்று அந்தச் சொல்லுக்குள் ஒரு தெம்பு இருக்கிறது. அதுவும் போக, பின் என்றால் முதுகுப் பக்கம் மட்டுமா? இனிமேல் வரப்போவதும் பின்தானே.

தம்பி அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

முகம் தெரியாத அந்த நோயாளியை நினைத்து அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"வார்த்தை எதுவா வேணா இருக்கட்டும்டா. அதைக் கேக்கும்போது பக்கத்துல ஒரு ஆள் வேணும். அவங்களுக்கு யாரு இருக்கா?"

அவன் நிமிரவில்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி இருக்கான்க்கா."