மூலை மெஷின்

"நாப்பது எங்கே, இருபத்திரண்டு எங்கே? எல்லாருக்கும் ஒரே மெஷின், ஒரே நூல், ஒரே எட்டு மணி நேரம். உங்களுக்கு மட்டும் ஏன்மா கை ஓட மாட்டேங்குது?"

பன்னிரண்டு பேர் தைக்கிற கூடத்தில், அத்தனை பேர் முன்னால் சூப்பர்வைசர் இப்படிக் கேட்டதும் மூலை மெஷினில் இருந்தவள் தலை குனிந்துகொண்டாள்.

பள்ளிச் சீருடைக்கான ஸ்கர்ட்டில் ஒரு நாளைக்கு நாற்பது தைப்பவளுக்கு அங்கே 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். அதனால் இவளுக்குப் பெயர் வைக்க யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. 'கூட்ஸ் வண்டி' என்று கூப்பிட்டார்கள்.

"சார், அந்த மூலையில..."

"சாக்கு சொல்லாதீங்க. அடுத்த மாசம் ஆர்டர் குறையுது. ஒரு ஆளை நிறுத்தச் சொல்லிட்டார் முதலாளி. சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

கூட்ஸ் மனசுக்குள் கல்லூரிக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தாள். மகள் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸ் எழுந்தாள்.

"சார், எனக்கு இந்த ஜன்னல் ஓரம் வேண்டாம். தெருத்தூசியில ஒரே தும்மல். என்னை அந்த மூலைக்கு மாத்திவிடுங்க. அக்கா இங்க வரட்டும்."

கூட்ஸுக்குப் பொறுக்கவில்லை. "வேலையே போகப்போகுது. அதுக்குள்ள என் இடத்தையும் பிடுங்கணுமா? ஆறு மாசமா பழகின மெஷின் அது."

"ஒரு வாரம்தானே அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றாள் எக்ஸ்பிரஸ், முகத்தைப் பார்க்காமல்.

நாற்பது தைப்பவள் கேட்டு மறுப்பதா? இடம் மாறியது.

"மகாராணிக்குத் தூசி ஒத்துக்காதாம்!" என்று சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு வாயில் போட்டு மென்றார்கள்.

செவ்வாய்க்கிழமை கூட்ஸ் இருபத்தெட்டு தைத்தாள். வியாழக்கிழமை முப்பத்திநாலு. அவளுக்கே நம்ப முடியவில்லை. ஊசி போகிற வழி பளிச்சென்று தெரிந்தது. வெட்டுகிற மேஜை பக்கத்திலேயே இருந்ததால் துணிக்கட்டு முதலில் அவள் கைக்குத்தான் வந்தது. நேராக வெட்டினதை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டால் போதும்.

சனிக்கிழமை முப்பத்தொன்பது!

"பார்த்தீங்களா, ஒரு அதட்டு போட்டதும் கை எப்படி ஓடுது!" சூப்பர்வைசருக்குத் தன் அதட்டல் மேல் அபார நம்பிக்கை.

அப்படியே எக்ஸ்பிரஸின் எண்ணிக்கையைப் பார்த்தவர் திடுக்கிட்டார். இருபத்துமூன்று.

மூலைக்கு ஓடினார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்கறியா?"

கூட்ஸுக்குச் சுரீரென்றது. இருபத்திரண்டுக்கு வேலை போகுமாம், இருபத்துமூன்றுக்கு லீவு கிடைக்குமாம்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். இங்க கருநீலத் துணியில கருநீல நூல் கண்ணுக்கே தெரியலை. தச்சதைப் பிரிச்சுப் பிரிச்சு விரல் எரியுது. பதினொரு பேர் எடுத்தது போகத்தான் இங்க துணி வருது. அதுவும் கோணல்மாணலா வெட்டினது. அது வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கணும்."

"அப்படியா? எழுந்திரு, பார்ப்போம்."

சூப்பர்வைசர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவையும் நூல் ஊசிக்கு வெளியேதான் போனது.

நூலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இன்னிக்கே இங்க லைட் போடணும். துணிக்கட்டை ஒரு நாள் அந்தக் கோடியிலேர்ந்து, ஒரு நாள் இந்தக் கோடியிலேர்ந்து கொடுங்க. பன்னிரண்டு பேரும் நாப்பது தச்சா வெளி ஆர்டரே பிடிக்கலாம். யாரையும் நிறுத்த வேண்டாம், முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

கூட்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் எக்ஸ்பிரஸ் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவ்வளவு கஷ்டம் இருக்குன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அக்கா ஆறு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க, சார். இருபத்திரண்டு தைக்கிறவங்க சொன்னா உங்களுக்கு அது சாக்கு. அதனாலதான் நாப்பது தைக்கிற நான் இங்க வந்து உட்கார்ந்தேன்."