பதியாத விரல்கள்

"கையை நல்லாத் துடைச்சுட்டு மறுபடியும் வைங்க சார்."

துடைத்துவிட்டு வைத்தார். கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் ஓடியது, மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. வலது கை, இடது கை, கட்டைவிரல் எல்லாம் ஆயிற்று. அந்நிய நாட்டு விமான நிலையத்தின் இயந்திரத்துக்கு அவருடைய பத்து விரலில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை.

"இஸ்திரிப் பெட்டி பிடிச்ச கை மேடம். ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. ஜோசியக்காரன்கிட்ட நீட்டினா, காசைத் திருப்பிக் கொடுத்துட்டு ஓடிடுவான்" என்று சிரித்தார் சலவைக்கடைக்காரர்.

பாஸ்போர்ட் பார்த்த பெண் அதிகாரிக்கு அவர்கள் மொழி தெரிந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஆனால் சிரிப்பு வரவில்லை. சட்டத்துக்குக் கண் இருக்கிறதோ இல்லையோ, விரல் வேண்டும். விரல் பதியாத ஆளை அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பவும் அதில் இடம் உண்டு.

பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்ததும்தான் அவர் சிரிப்பு அணைந்தது. அவள் மொட்டைத் தலையை மறைத்துத் துணி சுற்றியிருந்தாள். மருந்துப் பையைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தாள்.

"மேடம், இவளுக்குப் புற்றுநோய். ரொம்ப நேரம் நிக்க முடியாது. பனிமலையைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டா. கல்யாணமான நாள்லேர்ந்து வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். திருப்பி அனுப்பிடாதீங்க. இன்னொரு தடவை வர முடியுமோ, முடியாதோ."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அதிகாரி இருவரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள்.

உட்கார்ந்ததும் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பரபரத்தார். "மாத்திரை நேரம் ஆச்சு. எடு, எடு."

அவள் பையிலிருந்து சிவப்பு மூடி போட்ட டப்பாவையும் வெள்ளை மூடி போட்ட டப்பாவையும் எடுத்தாள். சிவப்பு அவளுக்கு. வெள்ளை அவருக்கு.

"என்னோடது வெறும் சத்து மாத்திரைதான் மேடம். நானும் கூடப் போட்டாத்தான் இவ முழுங்குவா. பொண்டாட்டிக்குத் துணையாச் சினிமாவுக்குப் போறவன் உண்டு. மாத்திரை சாப்பிடுறவன் நான் ஒருத்தன்தான்." தண்ணீர்கூடக் கேட்காமல் ஒரே மடக்கில் விழுங்கினார்.

அதிகாரி பையைச் சோதித்தாள். மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் நெற்றி சுருங்கியது. மேசைமேல் இருந்த சின்ன இயந்திரத்தை மனைவி பக்கம் தள்ளினாள்.

"அம்மா, நீங்க விரலை வைங்க."

வைத்தவுடன் பச்சை விளக்கு எரிந்தது.

"சார், எதிர் அறையில உங்களைப் போட்டோ எடுக்கணும். போயிட்டு வாங்க." அவர் போனதும் அதிகாரி கதவைச் சாத்தினாள்.

"இந்த மாத்திரை சாப்பிடுறவங்களை நான் இங்க பார்த்திருக்கேம்மா. உள்ளங்கைத் தோல் உரிஞ்சு, சிலருக்கு ரேகையே போயிடும். உங்களுக்கு அப்படியே இருக்கு. உண்மையைச் சொல்லுங்க. நோய் யாருக்கு?"

அதுவரை கல்லாக இருந்தவள் உடைந்து அழுதாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்காதபடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அவருக்குத்தாங்க. அவரோட அண்ணனுக்கும் இதே நோய்தான். பேரைக் கேட்ட அன்னிக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. நோய் கொன்னுச்சா, பயம் கொன்னுச்சான்னே தெரியல. இவரு அவரைவிடப் பயந்தாங்கொள்ளி. குடல்ல புண்ணுன்னு சொல்லித்தான் ஆபரேஷனே பண்ணினோம். டாக்டர் கையில கால்ல விழுந்து, நோய் எனக்குன்னு சொல்ல வச்சேன். நானே மொட்டை அடிச்சுக்கிட்டேன். டப்பாவையும் மாத்தி வச்சேன், சிவப்புல சத்து மாத்திரை, வெள்ளையில அவரோட மருந்து."

"அவர் நம்பிட்டாரா?"

"நம்பினதாலதாங்க நடமாடுறாரு. என்னைக் காப்பாத்தணும்னு வைராக்கியமா இருக்காரு. எனக்கு ஊட்டி விடுறதுக்காக அவரும் ரெண்டு வாய் சாப்பிடுறாரு. கடையெல்லாம் மருமகன் பொறுப்பு. இஸ்திரிப் பெட்டியை இவரு தொட்டே ரொம்ப நாளாச்சு. பனி பார்க்கணும்கிற ஆசைகூட அவருதுதான். போறதா இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேம்மா" என்றாள் அதிகாரி. மேலதிகாரியிடம் தொலைபேசியில் பேசினாள். மருந்தால் ரேகை போனவர்களுக்குப் போட்டோ மட்டும் போதும் என்று, கல்நெஞ்சுச் சட்டத்திலும் ஒரு சின்னச் சந்து இருந்தது.

"முகத்தைக் கழுவிக்கிட்டு வாங்கம்மா. அவர் பார்த்துடப் போறார்."

அவள் அறையை ஒட்டிய கழிவறைக்குள் போகவும் அவர் திரும்பி வரவும் சரியாக இருந்தது. அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தி நீட்டினாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்று வலிய ஒரு சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டாள்.

"பனியை நல்லாப் பார்த்துட்டு வாங்க சார். உங்க மனைவி சீக்கிரம் குணமாகட்டும்."

அவர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கதவையே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, அதிகாரியிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அவளுக்கு என்ன மேடம், நூறு வயசு இருப்பா. எனக்கு எல்லாம் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."