தொழில் செலவில் ஒரு பல்செட்

மனைத் தரகர் செங்கோடன் தன் பல்செட்டைத் தொழில் செலவில் சேர்த்து, வரியில் கழிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். வருமான வரி அதிகாரி ரேணுகா அதை அடித்துவிடப் பேனாவைத் திறந்தாள்.

"பல்லு சாப்பிடத்தானுங்களே? அது சொந்தச் செலவு."

"சாப்பிடறப்பக் கழட்டி வெச்சிருவனுங்க மேடம். இது மனை காட்டறப்பச் சிரிக்கறதுக்கு மட்டுந்தானுங்க."

சொன்னவர் பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, சாட்சிக்கு மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். தனியே இருந்த அது ரேணுகாவைப் பார்த்துச் சிரித்தது. அவ்வளவு நம்பிக்கையான சிரிப்பை அவள் எந்த மனிதரிடமும் கண்டதில்லை.

செங்கோடன் திரும்பி வந்தபோது, அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, பல்செட்டின் பக்கம் குனிந்து தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"கிழக்குப் பாத்த மனை ஏதாச்சும் இருக்குதுங்களா?"