நாலு மூலைக் கல்

வெங்கடாசலம் மாமா கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் காட்டினார்.

தாடைக்குக் கீழே நான்கு பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் கடுகளவு.

"நாலு மூலைக்கும் கல்லு நட்டாச்சும்மா. இனிமே எல்லைத் தகராறு கெடையாது" என்றார். தொண்டையில் புற்றுக்கட்டி. குரல் காற்றாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாமாவும் அவர் மனைவி பாப்பாத்தி அத்தையும் நானும் உப்பள வரப்பில் நின்றிருந்தோம். மாமா எங்கள் தெருக்காரர். வாரத்தில் ஐந்து நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொள்வார். மீதி இரண்டு நாள், வேண்டாம் என்றாலும் கேட்காமல் அளத்தில் இறங்கிவிடுவார்.

கதிர் எங்கே படவேண்டும், எவ்வளவு படவேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் நான் படிக்கிற மேற்படிப்பு. அதே ஆஸ்பத்திரியில் பயிற்சி. நானே தனியாகக் கணக்குப் போட்டு, பயிற்சி தருகிற சார் கையெழுத்திட்ட முதல் நோயாளி மாமா.

இருபத்திரண்டு நாள் முடிந்திருந்தது. மீதம் பத்து. அந்தப் பத்து நாளுக்கு, கதிர் படும் இடத்தைக் காட்டக் கழுத்தில் மையால் போட்ட கட்டத்தின் பின்பக்கக் கோட்டை இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் தண்டுவடத்தில் கதிர் அளவுக்கு மேல் ஏறிவிடும். கால் இரண்டும் விழுந்துபோகலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுக் கோட்டைப் போட்டவள் நான். திங்கட்கிழமை வரைக்கும் அழியவே கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

உப்புத் தண்ணீரில் நிற்கிறவர் மேல் மை எத்தனை நேரம் நிற்கும்? பாப்பாத்தி அத்தை யோசித்திருக்கிறார். சனிக்கிழமை விடிந்ததும் மாமாவைப் பெருமுக்கல் அடிவாரத்தில் பச்சை குத்துகிற அம்மாளிடம் கூட்டிப்போய்விட்டார்.

வெந்த தோலில் ஊசி. கோபத்தை அடக்கிக்கொண்டு பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன்.

கதிர் பட்ட தோல் கறுத்து, பழைய கோடு இருந்த இடத்தில் வெட்டினாற்போல் நின்றிருந்தது. அந்த விளிம்பிலிருந்து பின்பக்கப் புள்ளி வரைக்கும் அளந்தேன்.

ஒரு சென்டிமீட்டர்.

மறுபடியும் அளந்தேன். ஒன்றுதான்.

"யாரைக் கேட்டு அத்தை குத்தினீங்க? அந்தம்மா ஒரு சென்டி பின்னால குத்தி வெச்சிருக்குது. நாளைக்கு இதைப் பாத்து மெஷினை வெச்சா மாமா கால் என்னத்துக்கு ஆகும்?"

மாமா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறவர் அவர். நான் போய்ச் சேர்வதற்குள் படுக்க வைத்துவிடுவார்கள். மாமா கையில் கொடுத்தனுப்ப, வரப்பிலேயே உட்கார்ந்து சாருக்குச் சீட்டு எழுதினேன். தேதி, நோயாளி எண், பொருள் என்று வரிசையாக எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதற்கப்புறம் விஷயம்.

'நோயாளி தாமாகவே தவறான இடத்தில் பச்சை குத்திக்கொண்டுள்ளார்.'

அத்தை தலையிலிருந்த உப்புக் கூடையை இறக்கி வைத்தார்.

"ஏன் பிரியா, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேனே. நீ போட்ட கோடு கூடுற மூலையிலதான் ஊசி எறங்குச்சு. மயிரெழை தள்ளல."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மடியில் கிடந்த ஸ்கேல் கண்ணில் பட்டது.

பத்தாம் வகுப்பில் வாங்கியது. முனை உடைந்து பூஜ்யம் போய்விட்டது. ஒன்றில் வைத்துத்தான் அளப்பேன். இரண்டு வேண்டுமென்றால் மூன்றில் புள்ளி வைப்பேன். எட்டு வருடமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நோயாளி மாமா. ஐந்து மணி மரக்காணம் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் ஓடவேண்டியிருந்தது.

அந்த அவசரத்தில் ஒன்றில் வைத்தேன். இரண்டில் புள்ளி வைத்தேன்.

வெறும் மையாக இருந்திருந்தால் நேற்றே உப்புத் தண்ணீர் கழுவியிருக்கும். கோடு எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"எங்க தப்புன்னே இருக்கட்டும்மா. எங்களன்னா நாலு திட்டு திட்டிட்டு விட்டுடுவாங்க."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். அதன் கீழே எழுதினேன்.

'பச்சை, நான் போட்ட கோட்டின் மேல் சரியாகக் குத்தப்பட்டுள்ளது. கோடு தவறு. நான் வரும்வரை மெஷின் வைக்க வேண்டாம்.'

கையெழுத்தைப் போட்டேன். சீட்டை மடிக்காமல், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி தேதியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.