ஆமை அனுப்பிய வீடு

"இந்த உலகத்துல சிபாரிசுக்கு மசியாத மனுஷன் ஒருத்தன்தான் மிச்சம் இருக்கான். அவன் இப்ப பிஸ்கட் தின்னுட்டிருக்கான்," என்றான் தம்பி.

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. பகலில் அவன் வேலை செய்யும் அலுவலகத்தில் எல்லாமே அவனைக் கேட்காமல்தான் நடக்கும். மாலையானால், ஒரு கணினி விளையாட்டின் இணைய ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் தலைமை நீதிபதி. ரசிகர்கள் தாங்களே உருவாக்கி அனுப்பும் மேப்புகளை, அதாவது ஆட்டத்துக்குள் நடந்து திரிய வேண்டிய கோட்டை, காடு, கட்டடங்களை, அவன் விளையாடிப் பார்ப்பான். தரம் இருந்தால் ஏற்பான், இல்லையென்றால் நிராகரிப்பான். தர விதிகளை எழுதியதும் அவனே. மூன்றாம் முறையும் நிராகரிக்கப்பட்டவருக்கு மன்றத்தின் கதவு ஒரேயடியாகச் சாத்தப்படும்.

இன்று 'ஆமை' என்ற புனைபெயர்க்காரருக்கு மூன்றாம் முறை.

"பாவம்டா. இன்னொரு தடவை நல்லா விளையாடிப் பாரு," என்றாள் அக்கா, விரல் முட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே. சாப்பிட்டு முடித்ததிலிருந்து இதே சிபாரிசுதான்.

"யாருக்கா அந்த ஆமை? உன் ஃப்ரெண்டா?"

"தெரிஞ்ச ஆள்தான்."

தெரிந்த ஆள் என்றால் இன்னும் கறாராக இருப்பதுதான் தர்மம் என்று அவளுக்கு விளக்கிவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி விசாரணையைத் தொடங்கினான். மேப்பில் கோட்டையும் இல்லை, அரக்கனும் இல்லை. நிறமே பூசாத சாம்பல் சுவர்களோடு ஒரு வீடு. பால்கனியில் ஒரு பூந்தொட்டி மினுமினுத்தது. கூடத்திலிருந்து போய் அதைத் தொட்டுவிட்டால் வெற்றி. அவ்வளவுதான் ஆட்டம்.

"தொட முடிஞ்சாத்தானே? பால்கனி வாசல்ல விரல் நீளத்துக்கு ஒரு படி. குதிச்சுத் தாண்டலாம்னா, குதிக்கிற பட்டனையே எடுத்துட்டான் இந்த ஆமை. குளியலறைக் கதவுல ரெண்டு பக்கமும் இடிக்குது. ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் உயிர் கொஞ்சம் குறையுது. கதவுக்கெல்லாம் பல்லா முளைச்சிருக்கு?"

அக்கா சிரிக்கவில்லை.

"பார்வை வேற என் நெஞ்சுக்குக் கீழ இருக்கு. ஆட்டக்காரன் என்ன, எட்டு வயசுப் பையனா? இப்படி ஒரு வீட்டுல எவன் இருப்பான்?"

"வேற வழியில்லாதவங்க இருப்பாங்க."

இப்படிப் பேசும் இன்னொரு ஆள் 'கரப்பான்' என்று தம்பி நினைவுகூர்ந்தான். கரப்பான் மன்றத்தின் துணை நீதிபதி. இதே மேப்பைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு வாசல்களையெல்லாம் டேப்பால் அளந்து பார்த்து, 'இதில் ஏதோ விஷயம் இருக்கிறது, ஏற்கலாம்' என்று எழுதியிருந்தார்.

"தரையில மண்டி போட்டு அளந்தாராம்கா. மேப்பைப் பாக்கச் சொன்னா மனுஷன் கொத்தனார் வேலை பாத்திருக்காரு." பிஸ்கட் தூள் விசைப்பலகையில் சிதறச் சிரித்தான்.

பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு தீர்ப்பைத் தட்டச்சு செய்தான். அதை நீதிமன்றக் குரலில் வாசித்தும் காட்டினான்: "இது மனிதர் வாழத் தகுந்த வீடு அல்ல. மேப்புக்கு இதைத் தேர்ந்தெடுத்தவர், உள்ளே இருப்பவரைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை."

"அழுத்துறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுடா," என்றாள் அக்கா. "நீதிபதிங்களுக்கு மட்டும் பறக்கிற பட்டன் உண்டுன்னு பீத்திக்குவியே. அதைப் போட்டுக் கொஞ்சம் மேல ஏறு. உன் உயரத்துக்கு ஏறினாப் போதும்."

போனால் போகிறது என்று அழுத்தினான். பார்வை உயர்ந்தது. அலமாரியின் மேல்தட்டு தெரிந்தது. அங்கே ஒரு தலைக்கவசம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் இறக்கை ஒடிந்த பொம்மை விமானம்.

தம்பி மெதுவாகக் கழுத்தைத் திருப்பினான். கூடத்து அலமாரியின் மேல் அவனுடைய தலைக்கவசம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அதே விமானம்.

இணைய வேகம் பிரமாதம் என்பதற்காகவே அவன் தேடிப் பிடித்த வீடு. குடிவந்த நாளிலிருந்து அதைத் தன் உயரத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருந்தான். வாயிலிருந்த பிஸ்கட் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. அக்காவின் விரல் முட்டிகளில் இத்தனை பிளாஸ்திரிகள் இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"நீயா... ஆமை?"

"வாயால சொல்லிப் பாத்தேன். 'போகப் போகப் பழகிடும்கா'ன்னுட்ட. அதான் நீ உக்காந்து பாக்குற இடத்துக்கே அனுப்பினேன்." குரலில் கோபம்கூட இல்லை. "தீர்ப்பை மாத்திடாதே. நல்லாத்தான் எழுதியிருக்க."

தலைமை நீதிபதி எழுந்தான். கருவிப் பெட்டியைக் கிளறி டேப்பை எடுத்தான். பால்கனி வாசலில் மண்டி போட்டுப் படியின் உயரத்தை அளந்தான். குளியலறைக்குப் போய்க் கதவின் அகலத்தை அளந்தான். பிறகு திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல், அக்காவின் சக்கர நாற்காலியை அளந்தான்.