சத்தம் வரவில்லை

“இன்னும் சத்தம் வரலையே!” சின்னவர் மவுஸை மேஜையில் தட்டினார்.

“அதை ஏன் அடிக்கிறீங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு? நகருங்க.”

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் கோளாறுகளுக்குப் போனில் வழி சொல்வதுதான் அவளுக்கு வேலை. ஊரார் கம்ப்யூட்டரெல்லாம் அவள் பேச்சைக் கேட்கும். வீட்டுக் கம்ப்யூட்டரும் வீட்டுக்காரரும்தான் கேட்பதில்லை.

சின்னவருக்கு வயது நாற்பத்தெட்டு. வீட்டுக்கு இளையவர் என்பதால் இன்னமும் சின்னவர்தான். மூன்று வருடங்களுக்கு முன், சொந்தபந்தம் கூடியிருந்த சாப்பாட்டு மேஜையில், ஏதோ ஒரு கோபத்தில் அண்ணனைப் பார்த்து, “இனிமே நீ எனக்கு அண்ணனே இல்ல” என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே அண்ணன் மாடிக்குப் போய்விட்டார். ஃபிரிட்ஜ் கீழே, வாஷிங் மெஷின் மேலே, டி.வி. கீழே, ஸ்பீக்கர் மேலே என்று சாமான்களும் பிரிந்தன. பேச்சு அதோடு நின்றது. நாளைக் காலையில் வண்டி வருகிறது, அண்ணன் வீட்டையே காலி பண்ணிக்கொண்டு போகிறார். காலையிலிருந்து மாடியில் பெட்டி இழுக்கும் சத்தம். ஒவ்வொரு இழுப்புக்கும் சின்னவருக்கு நெஞ்சு வலித்தது.

நேரில் சொல்லலாம் என்று நான்கு முறை படியேறி, நான்கு முறையும் பாதியில் இறங்கிவிட்டார். இவருடைய போன் நம்பரை அண்ணன் தடுத்து வைத்திருக்கிறார். மிச்சம் இருந்தது மின்னஞ்சல் ஒன்றுதான். அதனால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மன்னிப்பைத் தன் குரலிலேயே பதிவு செய்திருந்தார்.

“அதான் பதிவாயிடுச்சே, அனுப்ப வேண்டியதுதானே?”

“கேட்டுப் பாக்காம எப்படி அனுப்புறது?”

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். சரிபார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டார். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைத்தான் விட்டுவிட்டார்.

“அப்போ எழுதி அனுப்புங்க.”

“வாயால கெடுத்ததை வாயாலதான் சரி பண்ணணும்.”

மனைவி ஒரு பட்டியலைத் திறந்தாள். ஒரு வரிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி.

“பாத்தீங்களா? சவுண்டு டிரைவர் பழசாயிடுச்சு. சத்தத்துக்குத் தூது போறதே அதுதான். புதுசு போட்டாச் சரியாயிடும்.”

புது டிரைவர் இறங்கியது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. மஞ்சள் குறியைக் காணோம். பதிவை ஓடவிட்டாள். சத்தத்தையும் காணோம்.

“வால்யூம்?”

“முழுசா வச்சிருக்கேன்.”

திரையில் பச்சைப் பட்டை ஏறி இறங்கி ஆடியது. அறையில் மட்டும் மயான அமைதி. அவள் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். ஓடவிட்டாள். இன்னொன்றைத் தேடிப் போட்டாள். ஓடவிட்டாள்.

“டிரைவர் சரி, பட்டையும் ஆடுது... மன்னிப்பும் ஓடுது. பின்ன எங்கதான் கோளாறு?” என்று தலையைச் சொறிந்தாள். “ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குச் சரி பண்ணிக் குடுக்கிறேன். என் வீட்டுல என் மானம் போகுது.”

சின்னவர் அண்ணாந்து பார்த்தார். மாடியில் பெட்டி இழுக்கும் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

“எல்லாம் கட்டி முடிச்சாச்சு போல,” என்றார். குரல் உடைந்தது. “விடு. எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்.”

“சும்மா இருங்க. விடியறதுக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்கு.” அவள் பிடிவாதமாக ஏழாவது முறை ஓடவிட்டாள்.

அழைப்பு மணி அடித்தது. சின்னவர் கதவைத் திறந்தார்.

வாசலில் அண்ணன். கண்கள் சிவந்திருந்தன. கையில் இருந்த சின்ன வயர்லெஸ் ஸ்பீக்கரிலிருந்து சின்னவரின் குரலே கணீரென்று வந்தது: “அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீ இல்லாம இது வீடாவே இல்ல. போகாதண்ணே...”

“வேலை செய்யுதான்னு பாக்க இதை ஆன் பண்ணேன். இதுக்கும் உன் கம்ப்யூட்டருக்கும் பழைய பழக்கம் விடலை போல, ஏழு தடவை இதையே சொல்லுது. நிறுத்துடா,” என்று மூக்கை உறிஞ்சினார் அண்ணன். “மேல வந்து ஒரு கை குடு, கட்டின பெட்டியை எல்லாம் பிரிக்கணும்.”